புளுகுக்கு ஓடிவர்ற காத்து

இதுல நான் ஒரு இம்மிகூடக் கூட்டிச் சொல்லப் போறதில்ல. கொஞ்சம் குறைச்சேதான் சொல்றேன். நடந்ததை நடந்தபடி சொன்னா பாதியில எழுந்து போயிடுவீங்க.

தணிகாசலம்னு ஒருத்தர், அரக்கோணத்துக்காரர். எடையளவு இன்ஸ்பெக்டரா முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்துட்டு ரிட்டையர் ஆனவர். கடை கடையாப் போய்த் தராசு சரியா நிக்குதான்னு பார்த்து, எடைக்கல்லுக்கு முத்திரை குத்துறது அவர் வேலை. வேலை முடிஞ்சாலும் புத்தி முடியல. காபி டம்ளரைக் கையில வாங்கினா குடிக்கிறதுக்கு முன்னாடி கண்ணு மட்டத்துக்குத் தூக்கி அளவு பார்ப்பாரு. யாராவது "உன்கிட்ட நூறு வாட்டி சொல்லியாச்சு"ன்னா, "நாலு வாட்டி"ன்னு திருத்துவாரு. பொய்யின்னு ஒண்ணு காதுல விழுந்துட்டா போதும், கால்ல முள்ளு குத்தின மாதிரி குதிச்சுடுவாரு.

அவர் சம்சாரம் மோகனாம்பாள். அந்தம்மாவுக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஆசை, எங்கேயாவது ஒரு ஊருக்கு டூர் போகணும். கல்யாணமான புதுசுல ரெண்டு பேரும் ஊட்டிக்குன்னு ரயில் ஏறினாங்க. காட்பாடி வரைக்கும் போனாங்க. அங்கே புது மாப்பிள்ளை ஜன்னல் வழியாப் பொண்டாட்டிக்கு ரெண்டு முழம் மல்லி வாங்கினாரு. முழம் குறையுதேன்னு சந்தேகம் வந்துடுச்சு. கீழே இறங்கி, பூக்காரம்மாவோட முழங்கையை டேப் வெச்சு அளந்துட்டு நிமிர்றாரு, ரயில் போயிடுச்சு. மோகனாம்பாள் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பி வந்தாங்க. அப்புறம் ஒரு தடவை கன்னியாகுமரிக்குக் கிளம்பினாங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல கொய்யாப்பழத் தராசு ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நின்னுது, அதோட சரி. கடைசியாக் குற்றாலம். பெட்டியைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்தா எதிர் வீட்டுல பழைய பேப்பர்காரன் எடை போட்டுக்கிட்டு இருக்கான். குற்றாலம் டூர் தெருவையே தாண்டல.

ஒவ்வொரு தடவையும் மோகனாம்பாள் சொன்னது ஒரே வார்த்தைதான். "பரவால்ல விடுங்க."

ரிட்டையர் ஆன அந்த வருஷம், காணும் பொங்கலுக்கு மறுநாள், அந்தம்மா பெட்டியைக் கட்டி வெச்சுட்டு வந்து நின்னாங்க. "நான் பழவேற்காட்டுக்குப் போறேன். அங்கே கால்வாயில பாய்மரப் படகுல போனா ஒரு திட்டு வருமாம். சாயந்திரம் ஆனா ஆயிரக்கணக்குல பூநாரை ஒண்ணா எழும்புமாம். அதை ஒரு தடவை பார்த்துடணும். வர்றதுன்னா வாங்க. ஆனா வழியில தராசுப் பக்கம் கண்ணு போகக் கூடாது."

தணிகாசலத்துக்கும் உள்ளுக்குள்ளே உறுத்தல்தான். இந்த ஒரு டூராவது முழுசா நடக்கணும்னு அவருக்கே ஆசை. அதனால அரக்கோணத்துல பஸ் ஏறினவர் பழவேற்காட்டுல இறங்குற வரைக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. மார்க்கெட் தெருவுல அந்தம்மாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. பார்த்தவங்க எல்லாம் பாவம், கண்ணு ஆபரேஷன் போலிருக்குன்னு வழி விட்டாங்க.

படகுக்காரன் பேரு கன்னியப்பன். கறுத்த உருண்டையான ஆளு, மீசை பெரிசு, பேச்சு அதைவிடப் பெரிசு. கூட அவன் பொண்டாட்டி எல்லம்மா. படகோட பின்பக்கம் அடுப்பு வெச்சு எறா வறுக்குறதும், பாய்க் கயித்தை இழுத்துக் கட்டுறதும் அந்தம்மா பொறுப்பு.

படகு கிளம்பிச்சு பாருங்க, அடடா! ரெண்டு பக்கமும் பனை மரம், நடுவுல கண்ணாடி மாதிரி தண்ணி, சவுக்குத் தோப்பு வாசனை. பாய் புடைச்சுக்கிட்டு நிக்குது. படகு சத்தமே இல்லாம வழுக்கிட்டுப் போகுது. மோகனாம்பாள் காலைத் தண்ணியில தொங்கப் போட்டுக்கிட்டுச் சின்னப் பொண்ணு மாதிரி ஆட்டிக்கிட்டு வந்தாங்க. எல்லம்மா வறுத்துக் கொடுத்த எறாவை ஊதி ஊதித் தின்னாங்க. தணிகாசலம்கூடத் தட்டுல இருந்த எறாவை எண்ணாமத் தின்னாருன்னா பார்த்துக்கங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்குக் காத்து நின்னுடுச்சு.

குறைஞ்சுதுன்னு சொல்லல, நின்னுடுச்சு. பாய் துவைச்சுப் போட்ட வேட்டி மாதிரி தொங்குது. படகு நட்டாத்துல அசையாம நிக்குது.

"இப்ப என்னய்யா பண்றது?"ன்னாரு தணிகாசலம்.

கன்னியப்பன் பீடியை அணைச்சுக் காதுல செருகிக்கிட்டு, "இன்னா பண்றது சார், புளுக வேண்டியதுதான்"ன்னான்.

"என்னது?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கால்வாயில அதான் வழக்கம். இங்க அடிக்கிற காத்துக்குப் புளுகுன்னா உசுரு. ஒருத்தன் புளுகணும், ஒருத்தரு ஆமா போடணும். காத்து கேக்கறதுக்கு ஓடியாந்துரும். எவனாச்சும் பொய்யின்னு சொல்லிட்டான்னு வெய்யி, கோச்சிகினு பூடும். நெசத்த சொன்னாலும் பூடும். நெசம் கனம் ஜாஸ்தி, காத்தால தூக்க முடியாது. புளுகுன்னா லேசா இருக்கும்."

"கனமா? எத்தனை கிராம்?"

"என்னங்க!"ன்னு மோகனாம்பாள் ஒரு அதட்டல் போட்டாங்க. "கோல் போட்டுத் தள்ளினா போய்ச் சேரலாமாப்பா?"

"சேரலாம்மா. ஆனா பொழுது சாஞ்சிரும். பூநாரை அஞ்சரைக்கெல்லாம் எழும்பிப் பூடும். அப்பால போனா வெறும் சேறுதான் கீது பாக்கறதுக்கு."

அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு. நாளைக்குக் காலையில ஊருக்குத் திரும்பணும். மகளுக்கு வளைகாப்பு வேலை தலைக்கு மேல கிடக்கு. இன்னிக்கு விட்டா விட்டதுதான். தணிகாசலத்துக்கு அது நல்லாவே புரிஞ்சுது. புரிஞ்சதால வாயை மூடிக்கிட்டாரு.

கன்னியப்பன் தொண்டையைக் கனைச்சான்.

"எங்க நைனா ஒரு பாய் தச்சாரு சார். முப்பது பொடவய ஒண்ணாச் சேத்துத் தச்ச பாயி. ஒரு வெள்ளிக்கெழம காலைல அத்தக் கட்டிகினு ஆந்திராப் பக்கம் கெளம்பினோம். காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து! போய்ச் சேந்து கரையில எறங்கி, இன்னா கெழமடான்னு கேட்டா வியாழக்கெழமன்றான்!"

"ஆமாக்கா"ன்னு எல்லம்மா எறாவைப் புரட்டிக்கிட்டே ஆமா போட்டாங்க.

பாயோட ஓரம் லேசா ஆடிச்சு.

"சரக்க எறக்கிட்டு அதே காத்துல திரும்பினோம். ஊருக்கு வந்தா வெள்ளிக்கெழம காலைல மணி ஆறு. கரையில பாக்கறேன், நாங்களே கெளம்பிகினு கீறோம்! எங்கம்மா ரெண்டு செட்டுக்கும் சேத்து சோறு கட்டிகினு வந்து நிக்குது."

"ஆமாக்கா. ரெண்டு தூக்கு. எங்க மாமியா சாவற வரிக்கும் சொல்லிகினு இருந்துச்சு."

பொத்துன்னு பாய் நிறைஞ்சுது. படகு நகர்ந்துச்சு! மோகனாம்பாள் கையைத் தட்டினாங்க. தணிகாசலத்துக்கு வியாழக்கிழமை தொண்டையில சிக்கிக்கிட்டு மேலேயும் போகல, கீழேயும் போகல.

"அது எப்படிய்யா..."

பாதிப் பாய் தொங்கிப் போச்சு. மோகனாம்பாள் அவர் தொடையில ஒரு கிள்ளு கிள்ளினாங்க. மீதி வார்த்தையை அவர் முழுங்கிட்டாரு.

"நண்டு கதய சொல்லுய்யா"ன்னு எல்லம்மா எடுத்துக் கொடுத்தாங்க.

"அத்த மறந்துட்டேனே! சார், இந்தக் கால்வாயில ஒரு நண்டு இருந்துது. ஒரு கொடுக்கு இந்தக் கரையில, இன்னொரு கொடுக்கு அந்தக் கரையில. பாலம் எதுக்கு? ஜனங்க அத்து முதுவுல நடந்துதான் அக்கரைக்குப் போவும். சைக்கிள் போவும், மாட்டு வண்டி போவும். லாரி போனா மட்டும் நண்டுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும், நெளியும். ஒரு நாளு கண்ணால ஊர்வலம் போச்சு. மேளச் சத்தத்தக் கேட்டதும் நண்டு ஆட ஆரம்பிச்சிட்டுது. மாப்ள இந்தக் கரையில வுழுந்தான், பொண்ணு அந்தக் கரையில வுழுந்துச்சு. தாலி நடுவுல நண்டு கொடுக்குல மாட்டிகிச்சு."

"ஐயோ, அப்புறம்?"ன்னாங்க மோகனாம்பாள்.

"அப்பால இன்னா, கொழம்பு வெச்சிட்டோம். மூணு ஊரு ஏழு நாளு சாப்ட்டுது. ஓட்டக் கவுத்துப் போட்டு அஞ்சாங் கிளாஸ் வரிக்கும் இஸ்கூலு நடத்தினாங்க."

"ஆமாக்கா. எங்க அண்ணன் அதுலதான் படிச்சான். மழைக்கு ஒரு சொட்டு ஒழுவாது."

படகு இப்போ நல்ல வேகம். தண்ணி சலசலன்னு ஓரத்துல பிரியுது. தணிகாசலத்துக்கு உதடு துடிக்குது. பொய்யின்னு சொல்லல, சந்தேகம்னும் சொல்லல. ஆனா முப்பத்திரண்டு வருஷ வேலையாச்சே, அவரால முடியல.

"ஏம்ப்பா, அந்த நண்டு மொத்தம் எத்தனை கிலோ? எந்தத் தராசுல போட்டீங்க?"

காத்து குழம்பிப் போய்ப் படகைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்துச்சு. எல்லம்மா கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. கன்னியப்பன் கண்ணை இமைக்காமச் சொன்னான்.

"நண்டத் தராசுல வெக்கல சார். தராசத் தூக்கி நண்டு மேல வெச்சோம்."

காத்து அப்படியே பாய்ஞ்சு வந்துச்சு. அடுப்புல இருந்த பொறி பறக்குது. மோகனாம்பாள் சிரிச்ச சிரிப்புல கரையில இருந்த நாலு கொக்கு எழுந்து பறந்துச்சு. முப்பத்தொரு வருஷத்துல அவர் அந்தம்மா இப்படிச் சிரிச்சுப் பார்த்ததே இல்ல. அவருக்கே கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்துக் கன்னியப்பனுக்கு உற்சாகம் எல்லை மீறிப் போச்சு.

"இந்தக் கால்வாயி இப்ப நேரா கீது பாரு சார், இது இப்படி இல்ல. ஒரு பொயல்ல கசங்கிப் போயி ஒரே வளைவும் நெளிவுமாப் பூட்டுது. எங்க நைனா பாத்தாரு. வடக்கால நூறு பேரு, தெக்கால நூறு பேரு, ரெண்டு மொனையும் புடிச்சி ஒதறி இழுங்கடான்னாரு. இழுத்தாங்க. கால்வாயி நேராப் பூட்டுது. ஆனா ரெண்டு மைலு மிச்சம் வந்துருச்சு!"

"ஆமாக்கா."

"மிச்சத்த இன்னா பண்றது? எங்க அத்தைக்குக் கண்ணாலம் வெச்சிருந்தாங்க. வெட்டி, பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, மாட்டு வண்டியில ஏத்திச் சீர்வரிசையா அனுப்பிட்டோம். மீனோட சேத்து ரெண்டு மைலு கால்வாயி! அப்பவும் மாப்ள வூட்டுக்காரங்க இன்னும் அர மைலு வெச்சிருக்கக் கூடாதான்னு மூஞ்சத் தூக்கி..."

"பொய்!"

தணிகாசலம் எழுந்து நின்னுட்டாரு. "பொய்! சுத்தப் பொய்! கால்வாய் நீளம் சர்வே கணக்குல இருக்குய்யா! இங்க நூறு மீட்டர் மிச்சம் வந்தாக்கூட ரெக்கார்டுல ஏறியிருக்கும்!"

டப்புன்னு பாய் விழுந்துச்சு. படகு நின்ன வேகத்துல எறாச் சட்டி வழுக்கிக்கிட்டுப் போய் முன்பக்கம் நின்னுது. ஒரு இலை அசையல. தணிகாசலம் மெதுவா உட்கார்ந்தாரு. மணி மூணே முக்கால்.

மோகனாம்பாள் கோபிச்சுக்கல. தண்ணியில இருந்த காலை எடுத்துப் புடவைத் தலைப்பால துடைச்சாங்க. "பரவால்ல விடுங்க"ன்னாங்க.

காட்பாடியில கேட்ட அதே வார்த்தை, அதே குரல். விழுப்புரத்துலயும் இதேதான், வீட்டு வாசல்லயும் இதேதான். அன்னிக்கெல்லாம் அவர் காதுல அது சரியா விழல. இன்னிக்குக் காத்துகூட இல்லாத அமைதியில நல்லா விழுந்துச்சு. 'அடப்பாவி தணிகாசலம், உன் பொண்டாட்டியைத் திரும்பவும் வாசல்லயே நிக்க வெச்சுட்டியேடா'ன்னு தன்னைத்தானே திட்டிக்கிட்டாரு. தோள்ல கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு, 'மேல சொல்லு'ன்னு கன்னியப்பனுக்குக் கையால சைகை காட்டினாரு.

கன்னியப்பனுக்குக் காத்தைச் சமாதானம் பண்ணவே பத்து நிமிஷம் ஆச்சு. காத்தைப் பானையில பிடிச்சு ஊறுகாய் மாதிரி மூடி வெச்ச கதை சொன்னான். ஆடி மாசத்துக் காத்து அம்பது பானை வெச்சிருந்தாங்களாம். பூனை ஒரு பானையைத் தட்டி விட்டதுல அவங்க வீடு பக்கத்து ஊருக்குப் போயிடுச்சாம். ரேஷன் கார்டுல விலாசம் மாத்த அலைஞ்சு, கடைசியில அலுத்துப் போய் இன்னொரு பானையைத் திறந்து திரும்பி வந்தாங்களாம். எல்லம்மா விடாம ஆமா போட்டாங்க. தணிகாசலம் துண்டைக் கடிச்சுக்கிட்டே கேட்டாரு. வேர்த்து ஊத்துது, ஆனா வாய் திறக்கல. காத்து திரும்பி வந்துச்சு. படகு பறக்குது. தூரத்துல திட்டு ஒரு கோடு மாதிரி தெரிய ஆரம்பிச்சுது.

அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இதெல்லாம் இன்னா சார்"ன்னான் கன்னியப்பன், மீசையைத் தடவிக்கிட்டு. "எல்லம்மாவக் கட்டிகினு இருவது வருசம் ஆவுது. இன்னிக்கு வரிக்கும் ஒரு வார்த்த அதட்டிப் பேசினதில்ல. டெய்லி காலைல நாந்தான் எழுந்து டீ போட்டு, அது கையில குடுத்து, 'சூடு போதுமாம்மா'ன்னு கேப்பேன்."

எல்லாரும் எல்லம்மாவைப் பார்த்தாங்க.

"யாரு? நீயா?" எல்லம்மா கரண்டியைத் தரையில போட்டாங்க. "பொய்யி! பச்சப் பொய்யி! என் கையில டீ குடுத்த மூஞ்சியப் பாரு!"

காத்து நின்ன நிப்புல அடுப்புப் புகைகூட அப்படியே நட்டமா நின்னுது.

"ஐயோ, கெடுத்தியே! ஆமா போடுமே!"

"போட மாட்டேன்! நண்டுக்குப் போட்டேன், கால்வாய்க்குப் போட்டேன், பானைக்கும் போட்டேன். இதுக்கு மட்டும் போடவே மாட்டேன்!" எல்லம்மா முதுகைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

கன்னியப்பன் தலையில கை வெச்சுக்கிட்டான். "முடிஞ்சுது சார். ஆமா போடற ஆளே பொய்யின்னு சொல்லிட்டா, அந்த வாய்க்கு இன்னிக்கு காத்து வராது. வேற வாய்தான் பேசணும். எம்மா, நீ ஒரு புளுகு வுடேன்."

"எனக்கு வராதுப்பா"ன்னாங்க மோகனாம்பாள். "யோசிச்சா உண்மைதான் வருது."

மணி நாலே முக்கால். திட்டு ஓரமா ரோஸ் கலர்ல ஒரு பட்டை தெரியுது, அதுதான் பூநாரைக் கூட்டம். ஒண்ணு ரெண்டு இறக்கையை விரிச்சுப் பார்த்துக்குது. மோகனாம்பாள் கையை நெத்தியில வெச்சு மறைச்சுக்கிட்டு அதையே பார்த்தாங்க. உதடு 'ப'ன்னு ஆரம்பிக்குது. அடுத்து 'பரவால்ல'தான் வரும்னு தணிகாசலத்துக்குத் தெரிஞ்சு போச்சு. வாயில இருந்த துண்டைப் பிடுங்கிப் போட்டாரு.

"நான் சொல்றேன்!"

மூணு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அவர் எச்சில் முழுங்கிக்கிட்டு, "ஒரு தடவை... ஒரு கிலோ தக்காளி வாங்கினேன். போட்டுப் பார்த்தா... ஒரு கிலோ அஞ்சு கிராம் இருந்துச்சு"ன்னாரு.

பாய்ல ஒரு நூல் அசைஞ்சுது.

"இன்னா சார் இது, புளுகா?"ன்னு எல்லம்மாவே கோபத்தை மறந்து திரும்பிட்டாங்க. "காத்த அவமானப்படுத்தறியே!"

தணிகாசலம் கண்ணை மூடிக்கிட்டாரு. பொய்யை அவருக்கு எங்கேயிருந்து எடுக்கிறதுன்னே தெரியல. ஞாபகத்துல துழாவினாரு. நடக்காம விட்டது எல்லாம் அங்கே வரிசையாக் கிடந்துச்சு.

"கல்யாணமான மறு வாரமே"ன்னு ஆரம்பிச்சாரு, "என் சம்சாரத்தை ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன்."

பாய் பாதி நிமிர்ந்துச்சு. நிமிர்ந்து அப்படியே நின்னுது, எதுக்கோ காத்திருக்கிற மாதிரி.

"ஆமா போடணும்"னு கன்னியப்பன் கிசுகிசுத்தான். "எல்லம்மா, போடுமே."

"எனக்குத் தெரியாதுப்பா, நான் அவங்க கூட ஊட்டிக்குப் போவல. அக்காதான போனாங்க, அவங்களே போடட்டும்."

மோகனாம்பாள் புருஷனைப் பார்த்தாங்க. அவர் தலை குனிஞ்சிருந்துச்சு, காது மடல் செவந்திருந்துச்சு. அந்தம்மா அவர் பக்கத்துல நகர்ந்து உட்கார்ந்தாங்க. அப்புறம் சொன்னாங்க.

"ஆமா. குளிருதுன்னு சொன்னதும் எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தந்தாரு. சிவப்புக் கலர். கடைக்காரன் கொடுத்த மீதிக் காசை எண்ணிக்கூடப் பார்க்கல."

படார்னு பாய் விரிஞ்சுது! படகு ஒரு குலுக்குக் குலுக்கிக்கிட்டுக் கிளம்பிச்சு. தணிகாசலம் கண்ணைத் திறந்து பார்த்தாரு. அந்தம்மா கண்ணு கலங்கி இருந்துச்சு, ஆனா வாய் சிரிச்சுது. அவ்வளவுதான், மனுஷனுக்கு அணை உடைஞ்சுடுச்சு.

"ஊட்டியில அவ்வளவு குளிரு! இவ 'என்னங்க'ன்னு கூப்பிட்டா அந்த 'என்னங்க' காத்துலயே ஐஸாகி நின்னுடும். நான் அதைப் பொறுக்கிட்டு வந்து அரக்கோணத்துல வெயில்ல வெப்பேன், உருகினதும் 'என்னங்க'ன்னு கேக்கும். ஒரு கோடை முழுக்கக் கேட்டுச்சு!"

"ஆமா. அக்கம்பக்கத்துல எல்லாரும் அவங்களைத்தான் கூப்பிடறேன்னு ஓடி வந்தாங்க."

"கன்னியாகுமரிக்குப் போனோம். சூரிய உதயம் பார்க்க இவ தலை பின்னிக்கிட்டு வர நேரமாயிடுச்சு. நான் கடல்கிட்டப் போய், 'என் சம்சாரம் வரட்டும், பொறு'ன்னேன். ஒன்பதரை மணி வரைக்கும் சூரியன் உதிக்காம நின்னுது!"

"ஆமா. நான் பூ வெச்சுக்கிட்டு வந்தப்புறம்தான் வந்துச்சு."

"குற்றாலத்துல அருவியில கூட்டம். இவளுக்கு இடமில்ல. அருவியை இந்தப் பக்கமா கொஞ்சம் நகர்த்தி வெச்சேன்!"

"ஆமா. நான் குளிச்சதும் திரும்ப அங்கேயே வெச்சுட்டாரு."

படகு தண்ணியில இல்ல இப்போ. தண்ணிக்கு ஒரு முழம் மேல போகுது. அந்த ஒரு முழம் காட்பாடி முழம் இல்ல, முழு முழம். கன்னியப்பன் பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "போதும் சார், போதும்!"னு கத்தறான். தணிகாசலம் கேட்டாத்தானே.

"அப்புறம் இமயமலை! போனதுதான் போனோம்னு மலையைத் தூக்கித் தராசுல வெச்சேன். இருநூறு கிராம் குறைஞ்சுது." கையை வீசினாரு. "போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்!"

மோகனாம்பாளுக்குப் புரை ஏறிடுச்சு. இந்த மனுஷன் இருநூறு கிராமைப் போனாப் போவுதுன்னு விட்டாரா! அந்தம்மா தலையைத் தட்டிக்கிட்டு, இருமி, சிரிச்சு, கடைசியில எப்படியோ மூச்சைப் பிடிச்சுச் சொன்னாங்க.

"ஆ... ஆமா. நான் சாட்சி!"

அதுக்கப்புறம் அடிச்ச காத்தை நான் சொல்லப் போறதில்ல, நீங்க நம்ப மாட்டீங்க. பாய் கிழியாம இருந்ததே பெரிசு. படகு திட்டு ஓரம் சேத்துல போய் மெத்துன்னு உட்கார்ந்தப்போ மணி அஞ்சு இருபத்தஞ்சு.

பூநாரைங்க எழும்பிச்சு. முதல்ல ஒண்ணு, அப்புறம் பத்து, அப்புறம் மொத்தத் திட்டும். வானம் முழுக்க ரோஸும் கறுப்புமா இறக்கை. நீளக் காலைப் பின்னால நீட்டிக்கிட்டு அவங்க தலைக்கு மேலேயே போச்சு. மோகனாம்பாள் அண்ணாந்து பார்த்துக்கிட்டே அவர் கையைப் பிடிச்சாங்க. சின்னப் பிள்ளை மாதிரி அழுதாங்க. கடைசிப் பறவை மறையுற வரைக்கும் விடல. தணிகாசலம் அது எத்தனைன்னு எண்ணவும் இல்ல.

திரும்பும்போதும் காத்து நல்லா இருந்துச்சு. கேட்டதையெல்லாம் நினைச்சு நினைச்சு அதுக்கே சந்தோஷம் போல. வெளிச்சம் இன்னும் போகல. எல்லம்மா எல்லாருக்கும் டீ போட்டாங்க. கன்னியப்பன் எழுந்து போய் முதல் டம்ளரை எடுத்து எல்லம்மா கையிலேயே கொடுத்தான். அந்தம்மா வாங்கிக் குடிச்சாங்க.

மோகனாம்பாள் டீயை ஊதிக்கிட்டே, ஒண்ணும் நடக்காத மாதிரி சொன்னாங்க.

"என்னங்க. ஊட்டி, கன்னியாகுமரி, குற்றாலம், இமயமலை, எல்லாத்துக்கும் இன்னொரு தரம் போயிட்டு வரலாம். முதல் தரம் போனது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல."

தணிகாசலம் வாயைத் திறந்தாரு. போகவே இல்லையேன்னு சொல்ல முடியாது, சொன்னா காத்து போயிடும். இருமினாரு. தண்ணியைப் பார்த்தாரு, அந்தம்மாவைப் பார்த்தாரு.

"போலாம் மோகனா"ன்னாரு. "வளைகாப்பு முடிஞ்ச மறு வாரமே ஊட்டி. காட்பாடியில ரயில் நின்னா நான் ஜன்னலையே திறக்க மாட்டேன்."

பாய் பொத்துன்னு தொங்கிப் போச்சு.

"ஐயய்யோ சார்!"ன்னு கன்னியப்பன் தலையில அடிச்சுக்கிட்டான். "நெசத்தச் சொல்லித் தொலச்சிட்டியே!"

மோகனாம்பாள் தொங்குற பாயை மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாங்க. அப்புறம் புருஷனைப் பார்த்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு. தன் டம்ளர்ல இருந்த டீயில பாதியை அவர் டம்ளர்ல ஊத்தினாங்க.

எல்லம்மா மூலையில கிடந்த மூங்கில் கோலை இழுத்துட்டு வந்து தணிகாசலம் கையில கொடுத்தாங்க.

"இந்தா சார். நெசம் பேசினது நீதான, நீயே தள்ளு."